கன்னரேஜோவில் ஒரு முழு நாள்: இடம் பெயராத ஓவியங்களும் உப்பு அரிக்கும் பளிங்கும்

"வெனிஸில் இரண்டு நாள் தங்குகிறோம். சான் மார்க்கோ சதுக்கத்தையும் ரியால்ட்டோ பாலத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவோம். இரண்டாவது நாளை எந்தப் பகுதிக்குக் கொடுக்கலாம்? கலை வரலாறு படிக்காத எங்களுக்கு அங்கே என்ன புரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்கிறேன்: கன்னரேஜோவுக்குக் கொடுங்கள்.

பழைய வெனிஸ் ஆறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றில் வடக்கு ஓரத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருப்பது கன்னரேஜோ. ரயிலில் வருகிறவர்கள் இறங்குவது இங்கேதான். ஆனால் பெரும்பாலோர் பெட்டியை இழுத்துக்கொண்டு அப்படியே ரியால்ட்டோ பக்கம் போய்விடுகிறார்கள். நகரத்தின் நிரந்தரக் குடிமக்கள் அதிகமாக வாழும் பிரிவு இதுதான். துணி காயும் கொடிகள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் இங்கே இன்னும் உண்டு.

நான் இதைச் சொல்வதற்கு முதன்மையான காரணம் வேறு. 1797இல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின், நூற்றுக்கணக்கான ஓவியங்கள் தேவாலயச் சுவர்களிலிருந்து இறக்கப்பட்டு அக்கடெமியா காட்சிக்கூடத்துக்கும் மிலானுக்கும் பாரிஸுக்கும் போயின. ஆனால் கன்னரேஜோவில் மிகப்பெரிய படைப்புகள் பல, எந்தச் சுவருக்காக வரையப்பட்டனவோ அதே சுவரில் இன்றும் நிற்கின்றன. வரைந்தவனின் வீடு பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அவன் கல்லறை அதே கூரையின் கீழ் இருக்கிறது. கலை வரலாறு படிக்காதவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. ஓவியம் ஏன் இவ்வளவு உயரம், உருவங்கள் ஏன் இப்படிச் சாய்ந்திருக்கின்றன என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டடமே பதில் சொல்லிவிடும்.

இடம் பெயராமல் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலையை ரயில் நிலையத்தின் வாசலிலேயே பார்க்கலாம். நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் இடது பக்கம், நிலையக் கட்டடத்தை ஒட்டியே நிற்பது ஸ்கால்சி தேவாலயம். அதன் உட்கூரை முழுவதும் 1743க்கும் 1745க்கும் இடையில் ஜான்பத்தீஸ்தா டியெப்போலோ வரைந்த பெரும் சுவரோவியம் இருந்தது. ஏசுவின் தாய் வாழ்ந்த வீட்டை வானதூதர்கள் லொரெட்டோ நகருக்குத் தூக்கிச் செல்லும் காட்சி. 1915 அக்டோபர் 24 இரவு ரயில் நிலையத்தைக் குறிவைத்து ஆஸ்திரிய விமானம் போட்ட குண்டு, குறி தவறி இந்தக் கூரையைத் துளைத்தது. திரைச்சீலை ஓவியமாக இருந்திருந்தால் போர் தொடங்கியதுமே சுருட்டிப் பத்திரமான ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஈரச் சுண்ணத்தில் வரைந்ததை எங்கே எடுத்துப்போக முடியும்? மீட்ட துண்டுகள் அக்கடெமியாவில் இருக்கின்றன. இப்போது அண்ணாந்து பார்த்தால் தெரிவது எத்தோரே தீத்தோ பின்னாளில் வரைந்து வைத்த ஓவியம். பக்கச் சிற்றாலயங்களின் வளைவுகளில் டியெப்போலோ வரைந்த சிறிய சுவரோவியங்கள் தப்பியிருக்கின்றன. அவற்றைத் தேடிப் பாருங்கள். அதே தேவாலயத்தின் தரையில், குடியரசின் கடைசி டோஜ் லுடோவிகோ மனின் அடக்கம் செய்யப்பட்ட கல்லும் இருக்கிறது. டோஜ் என்பது அந்தக் குடியரசின் தலைவர் பதவி. ஆயிரம் ஆண்டு ஆட்சியை நெப்போலியனிடம் ஒப்படைத்தவரின் கல்லறை அவ்வளவு எளிமையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ரயில் நிலையத்துக்கே ஒரு கதை உண்டு. 1846இல் பெருநிலத்திலிருந்து காயலின் குறுக்கே ரயில் பாலம் வந்தது. நிலையத்தை விரிவாக்க 1861இல் சான்டா லுச்சியா தேவாலயத்தை இடித்தார்கள். புனித லூசியாவின் உடல் அருகிலுள்ள சான் ஜெரேமியா தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. பெயர் மட்டும் நிலையத்துக்கு நிலைத்துவிட்டது. சான் ஜெரேமியாவை ஒட்டியிருக்கும் லாபியா மாளிகையில் டியெப்போலோ வரைந்த ஆன்டனி, கிளியோபாட்ரா சுவரோவியங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அறைகளில் அது ஒன்று என்பது என் கருத்து. ஆனால் எல்லா நாளும் உள்ளே விடுவதில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்து வருவது கன்னரேஜோ கால்வாய். ரயில் பாலம் வருவதற்கு முன் பெருநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் நகரத்தின் வாசல். ஒரு முனையில் நான்கு கூர்ங்கம்பங்களோடு குல்யே பாலம். மறுமுனையில் 1688இல் ஆந்திரேயா திராலி கட்டிய மூன்று வளைவுப் பாலம். அந்த மூன்று வளைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் சான் ஜோப்பே என்று ஒரு தேவாலயம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. உள்ளே போனால் வலப்பக்கச் சுவரில் ஒரு கல் சட்டகத்தைக் காணலாம். அழகாகச் செதுக்கிய தூண்கள், மேலே வளைவு.

அந்தச் சட்டகத்துக்குரிய ஓவியம் ஜொவான்னி பெல்லினி 1480களில் வரைந்தது. நடுவில் மரியாவும் குழந்தையும், இருபுறமும் புனிதர்கள், அவர்களில் யோபுவும் செபஸ்தியானும். இருவரையும் கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் வேண்டிக்கொள்வார்கள். ஓவியத்துக்குள் பெல்லினி வரைந்த தூண்கள், வெளியே இருந்த கல் தூண்களின் அதே வடிவம். அதனால் ஓவியம் முடிந்து சுவர் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. தேவாலயத்தின் பக்கத்தில் இன்னொரு சிற்றாலயம் திறந்திருப்பதாகவே தோன்றும். இன்று ஓவியம் அக்கடெமியாவில் இருக்கிறது, சட்டகம் இங்கே இருக்கிறது. முதல் நாளில் அக்கடெமியாவுக்குப் போவீர்களானால் ஓவியத்தை நன்றாகப் பார்த்து வையுங்கள். அடுத்த நாள் இங்கே வந்து நிற்கும்போது, ஒரு படைப்பை அதன் இடத்திலிருந்து எடுத்துவிட்டால் எது கெட்டுப்போகிறது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கும்.

குல்யே பாலத்துக்கு அருகில் ஒரு தாழ்ந்த நடைவழி உங்களைக் கெட்டோவுக்குள் கொண்டுபோகும். ஒரு சமூகத்தை ஒதுக்கிவைக்கும் குடியிருப்பைக் குறிக்க இன்று உலகம் முழுவதும் வழங்கும் அந்தச் சொல் பிறந்த இடம் இது. முன்பு இங்கே செம்பு உருக்கும் பட்டறைகள் இருந்தன, பெயர் அங்கிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1509இல் வெனிஸ் போரில் தோற்றபோது பெருநிலத்து ஊர்களிலிருந்து யூதர்கள் அடைக்கலம் தேடி நகருக்குள் வந்தார்கள். அவர்களுடைய கடனும் வரியும் அரசுக்குத் தேவைப்பட்டன. ஆனால் அக்கம்பக்கத்தில் குடியிருக்க விட மனமில்லை. 1516 மார்ச் 29 அன்று செனட் ஓர் ஆணை போட்டது: யூதர்கள் எல்லோரும் நான்கு பக்கமும் கால்வாய் சூழ்ந்த இந்தத் தீவில்தான் வாழ வேண்டும். இரவில் வாயில்கள் பூட்டப்படும். காவலர்கள் கிறித்தவர்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது உள்ளே அடைபட்ட யூதர்கள். கால்வாயில் காவல் படகும் சுற்றியது. 1541இல் கிழக்கு நாடுகளிலிருந்து வந்த யூத வணிகர்களுக்காகப் பக்கத்துப் பகுதி சேர்க்கப்பட்டது. 1633இல் இன்னொரு துண்டு சேர்ந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: 'புதிய கெட்டோ' என்ற பெயருள்ள பகுதிதான் முதலில் குடியேறிய இடம். 'பழைய கெட்டோ' பின்னால் சேர்ந்தது. பட்டறைகளின் பழமையை வைத்து வந்த பெயர்கள் அவை.

சதுக்கத்தின் நடுவில் நின்று சுற்றியுள்ள வீடுகளின் சாளரங்களை எண்ணுங்கள். வெனிஸில் வேறெங்கும் காணாத உயரம். சில கட்டடங்களுக்கு ஏழு, எட்டு மாடிகள். ஆனால் ஒவ்வொரு மாடியும் குள்ளமானது. மக்கள்தொகை பெருகியது, பதினேழாம் நூற்றாண்டில் ஐயாயிரத்தை நெருங்கியது. எல்லை அந்த அளவுக்கு விரியவில்லை. எனவே இருந்த மாடிகளைக் குறுக்காகப் பிரித்தார்கள், மேலே மேலே கட்டினார்கள். சேற்று நிலத்தில் மரக்கழிகளை அடித்து அதன்மேல் நிற்கும் ஊரில் இவ்வளவு பாரம் ஏற்றுவது ஆபத்தான வேலை. வேறு வழியில்லாமல் செய்தார்கள்.

ஐந்து தொழுகைக்கூடங்கள் இங்கே இருக்கின்றன. இவற்றைத்தான் நீங்கள் தவறவிடக் கூடாது. புதிய கெட்டோவில் உள்ள மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண குடியிருப்பின் மேல்மாடிதான். வரிசையாக ஐந்து உயரமான சாளரங்கள், கூரைமேல் ஒரு சிறிய மாடம், அவ்வளவுதான் அடையாளம். மிகப் பழையது 1528இல் தொடங்கிய ஜெர்மானியத் தொழுகைக்கூடம். இருந்த வீடுகளுக்கு இடையில் செருகிக் கட்டியதால் அந்தக் கூடத்தின் தரை கோணல்மாணலானது. எந்த இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அதை மறைக்க, பெண்கள் அமரும் மேல்தளத்தை நீள்வட்டமாக அமைத்தார்கள். உள்ளே நிற்பவர் கண் அந்த வட்டத்தைப் பின்தொடரும், சுவரின் கோணலைக் கவனிக்காது. 1532ஐச் சேர்ந்த கான்டன் தொழுகைக்கூடத்தில் மரப்பலகைகளில் விவிலியத்தின் யாத்திராகமக் காட்சிகள் வரையப்பட்டிருக்கின்றன. கடல் பிளக்கிறது, மன்னா பொழிகிறது, ஆனால் மனித முகம் ஒன்றுகூட இல்லை. உருவம் வரையக் கூடாது என்ற மரபுக்குள் நின்றுகொண்டே கதை சொல்லியிருக்கிறார்கள். பழைய கெட்டோவில் உள்ள லெவன்ட், ஸ்பானியத் தொழுகைக்கூடங்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. குளிர்காலத்தில் முதலாவதிலும் கோடையில் இரண்டாவதிலும் கூடுகிறார்கள்.

நெப்போலியனின் படை 1797இல் கெட்டோவின் வாயில்களை உடைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்தபோது யூதச் சமூகத்தின் தலைவராக இருந்தவர் ஜுசெப்பே ஜோனா என்ற மருத்துவர். அவரிடம் இருந்தது சமூகத்தினரின் பெயர்ப்பட்டியல். அதைக் கொடுப்பதைவிடத் தன் உயிரை விடுவதே மேல் என்று முடிவெடுத்து அப்படியே செய்தார். அவர் பெயரில் ஒரு கல் அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வெனிஸிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சதுக்கத்தின் சுவர் ஒன்றில் லித்துவேனியாவைச் சேர்ந்த சிற்பி அர்பிட் பிளாட்டஸ் செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. 1980இல் நிறுவப்பட்டவை. அவற்றை வேகமாகக் கடந்து போகாதீர்கள்.

கெட்டோவிலிருந்து வடக்கே நடந்தால் மூன்று நீண்ட கால்வாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். வெனிஸின் வளைந்து நெளியும் சந்துகளில் பழகிய கண்ணுக்கு இந்த நேர்கோடுகள் வியப்பாக இருக்கும். கடைசிக் கால்வாயை எட்டுவதற்கு முன் மோரி சதுக்கம் என்ற சிறிய முற்றம் வரும். சுவர் மூலைகளில் தலைப்பாகை கட்டிய கல் உருவங்கள் நிற்கின்றன. கிரேக்கத்தின் மொரேயா பகுதியிலிருந்து வந்து குடியேறிய மஸ்தெல்லி என்ற வணிகச் சகோதரர்கள் என்பது ஊர் வழக்கு. ஒருவருக்கு இரும்பு மூக்கு. பழுதுபட்ட மூக்குக்குப் பதிலாகப் பின்னாளில் பொருத்தியது. அவர்களுடைய மாளிகையின் கால்வாய்ப்பக்கச் சுவரில் சுமையேற்றிய ஒட்டகம் ஒன்றின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மிளகும் பட்டும் எந்த வழியாக வந்து இந்த வீட்டைக் கட்டின என்று அது ஒன்றே சொல்லிவிடும்.

மோரி சதுக்கத்தை ஒட்டிய கால்வாய்க்கரையில் 3399 என்ற எண்ணுள்ள வீடு. வாசலுக்கு மேல் கல்வெட்டு. ஓவியர் யாக்கோப்போ ரொபுஸ்தி, உலகம் அறிந்த பெயரில் டின்டொரெட்டோ, 1574 முதல் 1594இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. தந்தை துணிக்குச் சாயம் போடுபவர், அதனால் மகனுக்குச் 'சின்னச் சாயக்காரன்' என்று பெயர். வெளியே நின்று பார்த்துவிட்டு பாலத்தைக் கடந்தால் அவர் குடியிருந்த பகுதியின் சொந்தத் தேவாலயமான மடோனா டெல்லோர்ட்டோ வந்துவிடும்.

இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று விரும்புகிறேன். செங்கல் முகப்பு, உள்ளே கோடு போட்ட பளிங்குத் தூண்கள், உயரமான பீடப்பகுதி. அந்தப் பீடப்பகுதியின் இரண்டு பக்கச் சுவர்களில், எதிரும் புதிருமாக, ஏறத்தாழ பதினான்கரை மீட்டர் உயரமுள்ள இரண்டு ஓவியங்கள். ஒருபுறம் இறுதித் தீர்ப்பு, மறுபுறம் பொற்கன்று. 1560ஐ ஒட்டி வரைந்தவை. டின்டொரெட்டோ இவற்றை யாரும் கேட்காமல் தானே வலியப் போய், நூறு டுக்கட் (வெனிஸின் பொற்காசு) செலவுத் தொகைக்கு வரைந்து தருவதாகச் சொன்னார் என்று பதினேழாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய ரிடோல்ஃபி குறிப்பிடுகிறார். போட்டி ஓவியர்களுக்கு இது பெரும் எரிச்சல். எனக்கு அதில் தெரிவது பேராசையைவிட ஒரு பசி: தன் வீட்டுக்கு அருகில் இவ்வளவு உயரமான வெற்றுச் சுவர் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

இறுதித் தீர்ப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து பார்வையைத் தொடங்குங்கள். மண்ணிலிருந்து எழும் உடல்களில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது. அவற்றின் பின்னால் பெருவெள்ளம் ஒன்று சுவர்போல எழுந்து மனிதர்களை அடித்துச் செல்கிறது. வெள்ளம் என்றால் என்னவென்று அறிந்த ஊரில் வரைந்த தீர்ப்பு நாள் அது. இந்த உயரத்தை வெறும் பரப்பாக அவர் நினைக்கவில்லை. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கும் கழுத்து வலியையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார். கண் மேலே போகப் போக உருவங்கள் சிறுத்து ஒளியில் கரைகின்றன. எதிர்ச்சுவரில் மேலே மோசே கைவிரித்து நின்று கட்டளைப் பலகைகளைப் பெறுகிறார். கீழே அவருடைய மக்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்துக் கன்றின் உருவத்தைத் தூக்கிச் சுமக்கிறார்கள். நடுவே உள்ள தூரமே ஓவியத்தின் பொருள். இதை ஒரு புத்தகப் பக்கத்தில் அச்சிட்டால் அந்தத் தூரம் ஒரு சாண் ஆகிவிடும்.

இன்னொரு ஓவியம் இருக்கிறது, அதை இவற்றைவிடவும் நேசிக்கிறேன். குழந்தை மரியா ஆலயத்துக்குச் செல்லும் காட்சி. முன்பு இது தேவாலயத்தின் ஆர்கன் இசைக்கருவிக்குக் கதவாக இருந்தது. வட்டமாக வளைந்தேறும் படிக்கட்டு, அதன் செதுக்கலில் பொன் மின்னுகிறது. உச்சியில் வானத்துக்கு எதிரே மிகச் சிறிய ஒரு பெண் குழந்தை. முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு தாய், தன் மகளிடம் மேலே பார் என்று கை நீட்டுகிறாள். அந்தக் கை நீட்டிய திசையில் நம் கண்ணும் போய்விடுகிறது. அவருக்கு மூத்த வெனிஸ் ஓவியர் டிஷியன் இதே காட்சியை அக்கடெமியாவில் பக்கவாட்டாக வரைந்திருக்கிறார். அதில் நாம் ஊர்வலத்தை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறோம். டின்டொரெட்டோ நம்மைப் படிக்கட்டின் அடியிலேயே நிறுத்திவிடுகிறார்.

பீடத்தின் வலப்பக்கச் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை. தந்தையைப் போலவே ஓவியர்களான மகள் மரியெத்தாவும் மகன் டொமெனிகோவும் அங்கேயே. மகள் 1590இல், தந்தைக்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துபோனாள்.

இந்தத் தேவாலயத்தின் ஒரு சிற்றாலயத்தில் பெல்லினி வரைந்த சிறிய மரியாவும் குழந்தையும் இருந்தது. 1993 மார்ச்சில் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை. இடம் பெயராத கலைக்கு நேரும் இன்னொரு கதி அது. ஆனால் காப்பாற்றிய கதையும் இங்கேயே உண்டு. 1966 நவம்பர் 4 அன்று காயல் நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்து நகரத்தையே மூழ்கடித்தது. அதன்பின் வெளிநாட்டு உதவியால் முதன்முதலாகச் செப்பனிடப்பட்ட வெனிஸ் கட்டடங்களில் மடோனா டெல்லோர்ட்டோவும் ஒன்று. பிரிட்டனில் திரட்டிய நிதி அந்த வேலையைச் செய்தது. டின்டொரெட்டோவின் இந்த மாபெரும் திரைகள் இன்று தெளிவாகத் தெரிகின்றன என்றால் அந்த வேலைக்கே நன்றி.

அங்கிருந்து கிழக்கே மிசெரிகோர்டியா கால்வாய்க்கரை. சான்சோவினோ வடிவமைத்த பெரிய அறக்கூட்டமைப்பு மாளிகை, முகப்புக்குப் பளிங்கு போடாமலே நின்றுபோனது. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் அதற்கு நேர்ந்த வேலைகள் பல. உள்ளூர்க் கூடைப்பந்து அணி சுவரோவியங்களுக்கு நடுவே விளையாடியதும் அதில் சேரும். அருகே கியோடோ பாலம் என்று கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு சிறிய பாலம் உண்டு. ஒரு காலத்தில் நகரத்துப் பாலங்கள் இப்படித்தான் இருந்தன. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்குக் கரைக்கு அருகில் ஜெசுயிட்டி தேவாலயம். சேசு சபையினர் 1606இல் வெனிஸை விட்டு வெளியேற்றப்பட்டு 1657இல் திரும்பினார்கள். பழைய தேவாலயத்தை இடித்து 1715இல் தொடங்கிக் கட்டிய இந்த உட்புறத்தை முதலில் பார்ப்பவர், சுவர் முழுவதும் பச்சை வெள்ளைப் பூவேலைத் துணி தொங்குவதாகவே நினைப்பார். தொட்டால் குளிரும். அத்தனையும் பளிங்குக்குள் பளிங்கு பதித்தது. பிரசங்க மேடையில் கல் மடிப்பு மடிப்பாகத் திரைபோலச் சரிகிறது, பீடப் படிகளில் கம்பளம்போல விரிகிறது. எனக்கு இது சற்றுத் திகட்டுகிறது. ஆனால் கைத்திறனை மறுக்க முடியாது. இங்கே வர வேண்டியதற்கு உண்மையான காரணம் இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் இருக்கிறது: டிஷியன் 1548இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு முடித்த 'புனித லாரன்சின் வேதசாட்சி மரணம்'. இரவு. இரும்புக் கட்டிலின் கீழே எரியும் தணல், கையில் ஏந்திய தீப்பந்தங்கள், மேகத்தைக் கிழித்து வரும் ஓர் ஒளி. மூன்று விதமான வெளிச்சத்தில் ஒரு மனிதன் தீயில் வாட்டப்படுகிறான். ஐரோப்பிய ஓவியத்தில் இருட்டை இவ்வளவு துணிந்து நம்பிய படம் அதற்கு முன் அரிது. நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குப் போய்த் திரும்பி வந்தது இது. டிஷியன் 1531 முதல், கொள்ளைநோய் பரவியிருந்த 1576இல் இறக்கும்வரை, இங்கிருந்து நடக்கும் தூரத்தில் பிரி பகுதியில்தான் வாழ்ந்தார்.

அடுத்து சான்டா மரியா டெய் மிராக்கோலி. வெனிஸில் ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தெருச்சுவரில் இருந்த ஒரு மரியா ஓவியம் அற்புதங்கள் செய்வதாகப் பேச்சுப் பரவியது. மக்கள் காணிக்கை குவிந்தது. அந்த ஓவியத்தை வைக்க 1481க்கும் 1489க்கும் இடையில் பியெத்ரோ லொம்பார்டோ இதைக் கட்டினார். இடமோ மிகக் குறுகல், ஒரு பக்கச் சுவர் நேராகக் கால்வாய் நீரில் இறங்குகிறது. அந்த நெருக்கடிக்குள் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு, கரும்பச்சைப் பளிங்குகளை வெளிச்சுவரிலும் உட்சுவரிலும் பதித்து, ஒரு நகைப்பேழையைப் போல ஆக்கிவிட்டார். எந்தப் பக்கமும் பின்பக்கம் இல்லை. பீடத்தருகே உள்ள தூண்களின் அடியில் அவருடைய பிள்ளைகள் செதுக்கிய கடற்கன்னிகளையும் இலைக்கொடிகளையும் குனிந்து பாருங்கள்.

இந்த அழகைக் கிட்டத்தட்ட அழித்தது உப்பு. வெனிஸ் கட்டடங்கள் அடியில் இஸ்திரியாக் கல்லை வைத்துக் கட்டப்படுகின்றன. அடர்த்தியான சுண்ணாம்புக்கல், நீரை எளிதில் ஏற்றாது. அதற்கு மேல்தான் செங்கல். நிலம் தாழ்ந்து கடல் மட்டம் உயர்ந்ததால் இப்போது நீர் பல இடங்களில் அந்தக் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. செங்கல் நீரை மேலே உறிஞ்சுகிறது. நீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகும். படிகம் வளரும்போது கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. மிராக்கோலியின் பளிங்கில் உப்பின் அளவு 14 சதவீதம்வரை ஏறியிருந்தது. 'சேவ் வெனிஸ்' என்ற அமெரிக்க அமைப்பின் நிதியில் 1987 முதல் பத்தாண்டு வேலை நடந்தது. பளிங்குப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றி, பழைய இடத்திலேயே திரும்பப் பதித்தார்கள். 2020 முதல் காயலின் மூன்று வாய்களிலும் 78 நகரும் மடைகள் பெரிய அலையேற்றத்தை மறித்து நிறுத்துகின்றன. ஆனால் சுவருக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட உப்புக்கு மடை போட முடியாது.

இங்கிருந்து ஒரு பாலம் தாண்டினால் மார்க்கோ போலோவின் முற்றம். போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடத்தில் இப்போது மாலிப்ரான் நாடக அரங்கு நிற்கிறது. வீடு எரிந்துபோய் நெடுங்காலம் ஆகிறது. முற்றத்தில் விலங்குகள் செதுக்கிய பழைய பைசண்டைன் வளைவு ஒன்று மட்டும் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த முற்றத்தில் நிற்க ஒரு தனிக் காரணம் உண்டு. சீனாவிலிருந்து திரும்பும் வழியில், 1290களின் தொடக்கத்தில், போலோ பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். பாண்டிய அரசர்களையும் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் தாமிரபரணிக் கழிமுகத்திலிருந்த காயல் என்ற துறைமுகத்தையும் அங்கே வந்திறங்கிய குதிரைகளையும் பற்றி அவர் விவரித்துவைத்தவை, அக்காலப் பாண்டிய நாட்டைப் பற்றி வெளிநாட்டார் எழுதிய முக்கியமான சான்றுகளில் சேரும். சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் ஓதுவோரை முத்து வணிகர்கள் கூலி கொடுத்து அழைத்துப்போவதைக்கூட அவர் விடவில்லை. அந்த மனிதர் 1324இல் இறந்தது இந்த வெனிஸில்தான்.

முற்றத்தை ஒட்டியுள்ள சான் ஜொவான்னி கிரிசொஸ்தொமோ சிறிய தேவாலயம். மவுரோ கொடுசி கட்டியது. பெல்லினி எண்பதை நெருங்கிய வயதில், 1513இல் வரைந்த பீட ஓவியம் வலப்பக்கம் அதன் இடத்திலேயே இருக்கிறது. சான் ஜோப்பேயில் வெற்றுச் சட்டகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? இங்கே சட்டகம் நிரம்பியிருக்கிறது. பாறைமேல் அமர்ந்து படிக்கும் முதிய துறவியையும் பின்னால் விரியும் மலைகளையும் ஓவியத்துக்குள் வரைந்த வளைவின் வழியாகப் பாருங்கள்.

கடைசியாகக் கா டோரோ. பெருங்கால்வாயின் கரையில் மரீனோ கொன்டரீனி என்ற பிரபு 1421 முதல் கட்டிய மாளிகை. முகப்பின் கல்வேலைகளுக்குப் பொன் தகடும் விலையுயர்ந்த நீலமும் பூச 1431இல் ஓர் ஓவியரை அமர்த்தினார், 'பொன் மாளிகை' என்ற பெயர் அதனால் வந்தது. இன்று பொன் இல்லை, கல் சரிகைபோன்ற சாளரங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்பிக்கிறேன் என்று வெளிப்படிக்கட்டை உடைத்தார்கள், கிணற்றின் கல்வாயை விற்றார்கள். 1894இல் இதை வாங்கிய ஜோர்ஜோ ஃபிராங்கெத்தி அந்தக் கிணற்று வாயைத் தேடி மீட்டார். கீழ்த்தளத்தின் பளிங்குத் தரையைத் தொழிலாளர்களோடு மண்டியிட்டுத் தாமே பதித்தார். 1916இல் மாளிகையையும் தம் சேகரிப்பையும் அரசுக்குக் கொடுத்தார். அவருடைய அஸ்தி அந்தத் தரையிலேயே ஒரு தூணின் அடியில் இருக்கிறது. மேல்மாடியில் மான்டென்யாவின் புனித செபஸ்தியான், உடல் முழுக்க அம்புகளோடு. மூலையில் அணைந்த மெழுகுவர்த்தி, அதில் சுற்றிய சீட்டில் இறைமை தவிர எதுவும் நிலையில்லை, மற்றவை புகை என்று லத்தீனில் எழுதியிருக்கிறது.

சில நடைமுறைக் குறிப்புகள். தொழுகைக்கூடங்களை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். சனிக்கிழமையும் யூதத் திருநாள்களிலும் மூடியிருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பல தேவாலயங்கள் நண்பகலில் மூடிப் பிற்பகலில் திறக்கும், ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். மடோனா டெல்லோர்ட்டோ, மிராக்கோலி போன்றவற்றில் சிறிய நுழைவுக்கட்டணம் உண்டு. சில சிற்றாலயங்களில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், சில்லறை வைத்திருங்கள். டின்டொரெட்டோவின் மேல்பகுதிக்கு ஒரு சிறிய தொலைநோக்கி மிகவும் உதவும். ரயில் நிலையத்தில் தொடங்கி நான் சொன்ன வரிசையிலேயே நடந்தால் எங்கும் படகு தேவைப்படாது. நேரம் குறைந்துபோனால் கா டோரோவை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு அழகானாலும் ஓர் அருங்காட்சியகம். மடோனா டெல்லோர்ட்டோவையும் மிராக்கோலியையும் விடாதீர்கள்.